பட்டத்தைத் திருப்பிக் கொடுத்த நீதிபதி



இன்று சட்டப் பட்டம் வாங்கும் உங்களிடம், பட்டத்தைத் துறந்த ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் மதுரையில் 1842இல் பிறந்த எஸ். சுப்பிரமணிய ஐயர். மணி ஐயர் என்றே பலரும் அழைத்தார்கள். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டே தானாகச் சட்டம் படித்து வக்கீலானார். உங்களிலும் பலர் உங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். தறிச் சத்தத்துக்கு நடுவிலும் தோட்டத்துச் சாளையிலும் உட்கார்ந்து படித்தவர்கள். அவர் வந்த வழி உங்களுக்கு அந்நியமாக இராது.

1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசுக்குப் போனார். 1895இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். தலைமை நீதிபதியின் பொறுப்பையும் சில முறை வகித்தார். 1900இல் 'சர்' பட்டம் வந்தது. 1904இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். கண்பார்வை மங்கியதால் 1907இல் பதவி விலகினார். சாதாரணமாக ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கைக் குறிப்பு இங்கே முடிந்துவிடும்.

அவருடைய பெரிய காரியம் இதற்குப் பிறகுதான் தொடங்கியது. அயர்லாந்து வம்சாவளியினரான அன்னி பெசன்ட், அயர்லாந்துக்காரர்கள் கேட்ட அதே 'ஹோம் ரூல்' எனும் சுயாட்சியை இந்தியாவுக்கும் கேட்டு 1916இல் இயக்கம் தொடங்கினார். மணி ஐயர் அதன் கௌரவத் தலைவர். 1917 ஜூனில் பெசன்ட், அவருடைய சகாக்களான அருண்டேல், வாடியா மூவரையும் அரசு நம் மேட்டுப்பாளையத்துக்கு மேலே உள்ள ஊட்டியில் காவலில் வைத்தது. விசாரணை கிடையாது, குற்றப்பத்திரிகையும் கிடையாது. பன்னிரண்டு ஆண்டுகள் நீதிபதி நாற்காலியில் இருந்தவருக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த மாதமே அவர் அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்குக் கடிதம் எழுதினார். தணிக்கைக்குத் தப்பி, ஓர் அமெரிக்கத் தம்பதி அதைக் கையோடு கொண்டுபோனார்கள். உலகமே போரில் இருந்த நேரம். சுயாட்சி தருவதாக உறுதி சொன்னால் இந்தியா லட்சக்கணக்கான வீரர்களைத் தரும் என்றும், அந்நிய ஆட்சியில் நாடு படும் பாடு இன்னது என்றும் எழுதியிருந்தார். விஷயம் வெளியே வந்ததும் இந்திய விவகார மந்திரி மாண்டேகு பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் அவரைக் கடுமையாகக் கண்டித்தார். கௌரவங்கள் பெற்ற ஒருவர் இப்படி எழுதலாமா என்பதுதான் குற்றச்சாட்டின் சாரம். மணி ஐயர் 1918இல் 'சர்', 'திவான் பகதூர்' என்ற தன் இரு பட்டங்களையும் திருப்பிக் கொடுத்தார். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு தாகூர் பட்டத்தைத் துறந்தது அதற்கு அடுத்த ஆண்டு.

எழுபத்தைந்தை எட்டிய வயது, பார்வையும் சரியில்லை. சும்மா இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. எனக்கு அவர்மேல் மதிப்பு கூடுவது அதனால்தான்.

கௌரவம் தந்தவர்களுக்கு எதிராக நிற்கலாமா என்ற அதே கேள்வி உங்களுக்கும் வரும். அதற்காக நம் ஊருக்கு வருகிறேன். நொய்யல் ஆறு நம் கோவையைத் தொட்டு, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேர்கிறது. அதன் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. கீழே இருந்த விவசாயிகளின் கிணறும் நிலமும் கெட்டன. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். பல ஆண்டுகள் நடந்த வழக்கில், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பட்டறைகளை நம்பியிருந்த ஆயிரமாயிரம் குடும்பங்களும் நம் மக்கள்தான். அவர்கள் பட்ட சிரமமும் உண்மை.

இப்படிப்பட்ட வழக்குகள் உங்கள் மேசைக்கும் வரும். ஒரு பக்கத்தில் பணம் இருக்கும். உங்களுக்குப் பொன்னாடை போர்த்தியவர்களும், உங்கள் பெயரை மேடையில் சொன்னவர்களும் அந்தப் பக்கமே இருக்கலாம். வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன், ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே ஒரு தோட்டத்துக் கிணற்றடிக்குப் போய், அங்கே இருப்பவர்களோடு ஒரு மத்தியானம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.