மூன்று கட்சிகள், ஒரே அபேட்சகர்
கிழக்கு ஹார்லம் தேர்தல் தரும் பாடம்

அமெரிக்காவில் நடந்த ஒரு தேர்தலைப் பற்றி இன்று பேசப் போகிறேன். பஞ்சப்படியைப் பற்றியும் கூலி நெல்லைப் பற்றியும் பேச வேண்டிய மேடையில் அமெரிக்கா எதற்கு என்று சிலர் நினைக்கலாம். கடைசிவரை கேளுங்கள். அங்கே நடந்ததற்கும் நமக்கும் சம்பந்தம் உண்டா, இல்லையா என்பதை முடிவில் நீங்களே சொல்லுங்கள்.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்காவில் காங்கிரஸ் என்றால் கட்சியின் பெயர் அல்ல. அவர்களுடைய பார்லிமெண்டின் பெயர். அதில் ஜனப் பிரதிநிதிகள் சபைக்கு 435 ஸ்தானங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தேர்தல். நியூயார்க் நகரத் தொகுதிகளில், நிற்பவர்களில் யார் அதிக ஓட்டு வாங்குகிறாரோ அவரே ஜெயித்தவர். பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நம் நாட்டிலும் இதே கணக்குதான். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க்கில் கிழக்கு ஹார்லம் என்று ஒரு பகுதி. இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள், அமெரிக்காவின் காலனியான போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள், நீக்ரோ மக்கள், எல்லோரும் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைகளின் பேட்டை. அங்கே 1902-ல் ஒரு தச்சுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் விட்டோ மார்க்கன்டோனியோ. வக்கீலுக்குப் படித்தார். ஆனால் பேட்டையை விட்டுப் போகவில்லை. 1934-ல் முதல் தடவை காங்கிரசுக்குப் போனார். 1936-ல் தோற்றார். 1938-ல் அமெரிக்கத் தொழிற்கட்சியின் சார்பில் நின்று மறுபடி ஜெயித்தார். அப்புறம் 1950 வரை அவரை யாராலும் அசைக்க முடியவில்லை.

ஏன் அசைக்க முடியவில்லை? அவர் ஓட்டுக் கேட்க மட்டும் வந்த மனிதர் அல்ல. சபை வேலை முடிந்து வாஷிங்டனிலிருந்து ஊர் திரும்பினால், அவர் ஆபீசில் ஜனக்கூட்டம் காத்திருக்கும். வீட்டுக்காரன் காலி செய்யச் சொல்கிறான் என்று ஒருவர் வருவார். நிவாரணப் பணம் வரவில்லை என்று ஒரு விதவை வருவார். குடியுரிமைக் காகிதம் கிடைக்கவில்லை என்று இன்னொருவர் வருவார். நீ எந்தக் கட்சி, எந்த ஜாதி என்று கேட்காமல் ஒவ்வொருவருக்கும் வேலை நடந்தது. இத்தாலிய பாஷையிலும் ஸ்பானிய பாஷையிலும் அவர்களோடு பேசுவார்.

சபைக்குள் என்ன செய்தார்? அமெரிக்காவின் தென்பகுதி ராஜ்யங்கள் சிலவற்றில் அன்று ஓட்டுப்போட வேண்டுமானால் தலைவரி கட்ட வேண்டும். ஏழை நீக்ரோவும் ஏழை வெள்ளையனும் எங்கே கட்டுவான்? இந்த வரியை ஒழிக்க மார்க்கன்டோனியோ மசோதா கொண்டுவந்தார். 1943-லும் 1945-லும் அது ஜனப் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. இரண்டு தடவையும் மேல்சபையான செனட்டில் நிலப்பிரபுக்களின் ஆட்கள் அதை முடக்கிவிட்டார்கள். 1947-ல் வேலைநிறுத்த உரிமையை வெட்டுகிற டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் வந்தபோதும் எதிர்த்தார். 1950 ஜூனில் அமெரிக்க சர்க்கார் கொரியா யுத்தத்தில் இறங்கியது. 435 பேர் கொண்ட அந்தச் சபையில் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் அவர் ஒருவரே. அவர் கம்யூனிஸ்டுக் கட்சி மெம்பர் அல்ல. ஆனால் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய காலத்தில் அவர்களுக்குத் துணை நின்றார்.

இப்படிப்பட்டவரை விட்டுவைப்பார்களா? மூன்று வேலை செய்தார்கள்.

முதல் வேலை: தொகுதியின் எல்லையை மாற்றினார்கள். 1944-ல் கிழக்கு ஹார்லத்தோடு தெற்கே இருந்த யார்க்வில் பகுதியைச் சேர்த்தார்கள். அது அவருக்குப் பழக்கமில்லாத இடம். அப்படியும் ஜெயித்தார்.

இரண்டாவது வேலை: சட்டத்தை மாற்றினார்கள். அமெரிக்காவில் ஒரு கட்சியின் அபேட்சகர் யார் என்பதற்கே முதலில் ஓர் ஓட்டெடுப்பு நடக்கும். நியூயார்க்கில் ஒருவர் பல கட்சிகளின் ஓட்டெடுப்பிலும் போட்டியிடலாம். 1942-லும் 1944-லும் மார்க்கன்டோனியோ டெமாக்ரடிக், ரிபப்ளிகன், தொழிற்கட்சி ஆகிய மூன்றின் டிக்கட்டையும் ஜெயித்தார். அந்தக் கட்சிகளுக்கு ஓட்டுப்போடும் சாதாரண ஜனங்களே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தலைவர்களுக்கு இது பொறுக்குமா? 1947-ல் வில்சன்-பகுலா என்ற சட்டம் வந்தது. ஒரு கட்சியில் சேராதவர் அதன் ஓட்டெடுப்பில் நிற்க வேண்டுமானால், அந்தக் கட்சிக் கமிட்டியின் அனுமதி வேண்டும் என்றது. கதவு சாத்தப்பட்டது. 1948-ல் தொழிற்கட்சியின் பெயரில் மட்டும் நின்றார். அவருக்குச் சுமார் 36,000 ஓட்டு. எதிர்த்து நின்ற இருவருக்கும் தலைக்குச் சுமார் 31,000. நூற்றுக்கு 37 வாங்கி ஜெயித்தார்.

மூன்றாவது வேலை: 1950-ல் எதிரிகள் எல்லோரும் ஒன்று சேர்ந்தார்கள். தேசம் பூராவும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்கிற டெமாக்ரடிக் கட்சியும் ரிபப்ளிகன் கட்சியும் இந்த ஒரு தொகுதியில் கைகோத்தன. லிபரல் கட்சியும் சேர்ந்துகொண்டது. மூன்று கட்சிக்கும் ஒரே அபேட்சகர், ஜேம்ஸ் டோனவன். பெரிய பத்திரிகைகள் மார்க்கன்டோனியோவைத் தேசத்துரோகி என்று தூற்றின. முடிவு என்ன? அவருக்கு நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் ஓட்டு விழுந்தது. 1948-ல் ஜெயித்தபோது கிடைத்த பங்கைவிட அதிகம். ஆனால் தோற்றார்!

இதில் நமக்கு என்ன பாடம்? எதிரி சூழ்ச்சி செய்தான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாமா? கூடாது. சூழ்ச்சி செய்வது எதிரியின் தொழில். நம் பக்கத்துக் குறை என்ன என்றும் பார்க்க வேண்டும்.

டோனவனை ஆதரித்த அந்த மூன்றாவது கட்சி, லிபரல் கட்சி, யாருடையது? மில் முதலாளிகள் வைத்த கட்சியா? இல்லை, தோழர்களே! தையல் தொழிலாளர் சங்கத் தலைவர்கள் 1944-ல் தொழிற்கட்சியை உடைத்துக்கொண்டுபோய் ஆரம்பித்த கட்சி அது. 1948-ல் இன்னும் சில பெரிய சங்கங்கள் தொழிற்கட்சியைவிட்டு விலகின. ஆக, முதலாளிகளின் இரண்டு கட்சிகள் ஒன்றான அதே காலத்தில், தொழிலாளிகளின் ஒரு கட்சி பல துண்டாயிற்று. எதிரிகள் பிரிந்து நின்றதால் 1948-ல் காப்பாற்ற முடிந்த ஸ்தானம், அவர்கள் சேர்ந்ததும் கைவிட்டுப் போயிற்று.

இன்னொரு குறையும் உண்டு. அவரையே நம்பியிருந்த போர்ட்டோ ரிக்கோ ஜனங்களில் பலருக்கு ஓட்டே கிடையாது. இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரிந்தால்தான் நியூயார்க்கில் ஓட்டு. 1965-ல் வந்த ஓட்டுரிமைச் சட்டம்தான் அவர்களுக்கு அந்தக் கதவைத் திறந்தது. நம் நாட்டிலும் வெள்ளைக்காரன் காலத்தில் சொத்தும் வரியும் படிப்பும் பார்த்துத்தானே ஓட்டுக் கொடுத்தார்கள்? 1951-52 பொதுத்தேர்தலில்தான் கையெழுத்துப் போடத் தெரியாத விவசாயத் தொழிலாளியும் சின்னத்தைப் பார்த்து ஓட்டுப் போட்டான். அந்த உரிமையை யாரும் தானமாகக் கொடுக்கவில்லை. ஆகவே வோட்டர் ஜாபிதாவில் பெயர் இருக்கிறதா என்று சேரிக்குச் சேரி, லயத்துக்கு லயம் போய்ப் பார்ப்பது சில்லறை வேலை அல்ல. அது சங்க வேலை.

மார்க்கன்டோனியோ தோல்விக்குப் பிறகு ஓய்ந்துவிடவில்லை. 1951-ல் சமாதான இயக்கம் நடத்திய குற்றத்துக்காக நீக்ரோ அறிஞர் டூ பாய்சைக் கூண்டில் ஏற்றினார்கள். அவருக்காக வாதாடி விடுதலை வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவர் இவர். 1954-ல் மறுபடி தேர்தலில் நிற்கத் தயாரானார். ஆனால் அந்த ஆகஸ்டில் மாரடைப்பில் நடுத்தெருவில் விழுந்து இறந்தார். வயது 51. மாதா கோயிலின் சடங்கு கிடையாது என்று பாதிரிமார் மறுத்தார்கள். ஜனங்கள் மறுக்கவில்லை, ஆயிரக்கணக்கில் வந்து அஞ்சலி செய்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1964-ல், அமெரிக்க அரசியல் சட்டத்தையே திருத்தி, தேசியத் தேர்தல்களில் தலைவரியை ஒழித்தார்கள். அவர் இரண்டு தடவை சபையில் ஜெயிக்கவைத்த கோரிக்கைதான் அது!

தோழர்களே! தேர்தல் வருகிறபோது நம் எதிரிகள் கொடியின் நிறத்தைப் பார்க்க மாட்டார்கள், நேற்றுத் திட்டியதை நினைக்க மாட்டார்கள், சேர்ந்துவிடுவார்கள். ஒரே மில்லில் மூன்று சங்கம், ஒரே கிராமத்தில் இரண்டு கோஷ்டி என்று நாம் நின்றால், நம்மில் எவ்வளவு நல்ல மனிதர் நின்றாலும் ஓட்டுக் கணக்கு நமக்கு எதிராகவே வரும். இதை மாற்ற வேண்டிய நாள் ஓட்டுப்போடும் நாள் அல்ல. இன்றைக்கே, உங்கள் பக்கத்துத் தறியில் வேலை செய்பவரிடம், பக்கத்து வயலில் நாற்று நடுபவரிடம் பேச ஆரம்பியுங்கள். அவர் எந்தச் சங்கமானாலும் பேசுங்கள். அவருடைய வீட்டுக் கஷ்டத்தை முதலில் கேளுங்கள். ஓட்டை அப்புறம் கேட்கலாம்.