பிரீசெட் என்னும் சிறு திருகு

சுண்டுவிரல் நகமளவே உள்ள ஒரு பொருளைப் பற்றி இன்று பேசப் புகுகிறோம். நீல நிறத்தில் ஒரு சிறு பெட்டி. அதன் தலையில் பித்தளைத் திருகு ஒன்று. அடியில் மூன்று கம்பிக் கால்கள். தில்லியில் செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லஜபத்ராய் மார்க்கெட்டிலும், மும்பை லாமிங்டன் சாலையிலும், பெங்களூர் எஸ்.பி. சாலையிலும், கொல்கத்தா சாந்தினி கடைத்தெருவிலும் 'பிரீசெட்' என்று ஒரே சொல்லைச் சொன்னால் போதும். கடைக்காரர் எடுத்து நீட்டிவிடுவார். சென்னை ரிச்சி தெருவிலும் அதே பெயர்தான். வெளிமாநிலத்தில் வாழும் நமக்குக் கடைத்தெருவில் மொழிச் சிக்கல் எழாத சொற்கள் சிலவே. அவற்றுள் இதுவும் ஒன்று.

நம் இல்லங்களில் எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகள் பலர் இன்று மின்னணுக் கருவிகளைக் கோத்துப் பார்ப்பதில் நாட்டம் கொண்டிருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் அடல் செயல்முறைக் கூடங்கள் ஏற்பட்டிருப்பது இதற்கு ஒரு காரணம். பிள்ளை மேஜைமீது பிரெட்போர்டை வைத்துக்கொண்டு கம்பிகளைச் செருகும்போது, அருகில் அமரும் தாய் தந்தையர் என்ன நடக்கிறது என்று அறியாது விழிப்பதும், 'எதையாவது எரித்துவிடாதே' என்று மட்டும் சொல்லி எழுந்து செல்வதும் வழக்கமாகிவிட்டன. எரிந்து போவதற்கான காரணங்களுள் ஒரு கணிசமான பங்கு இந்தச் சிறு திருகைச் சார்ந்தது. ஆகவே அதனைத் தெரிந்துகொண்டு அருகில் அமர்வது நன்று.

முதலில் பெயரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம்மால் அதைச் சொல்லாமல் கடக்க இயலாது. பிரீசெட் என்பது பொட்டென்ஷியோமீட்டர் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ்ப் பாடநூல்கள் அதனை மின்னழுத்தமானி என்கின்றன. இந்திப் பாடநூல்கள் விபவமாபி என்கின்றன. இரண்டும் சொல்லுக்குச் சொல் சரியான பெயர்ப்புகளே. ஜெர்மன் விஞ்ஞானி போகென்டார்ஃப் 1841இல் விவரித்த முறையைத் தழுவி, நீண்ட கம்பி ஒன்றின்மேல் தொடுமுனையை நகர்த்தி, மின்கலத்தின் அழுத்தத்தை அளக்கும் பள்ளிக்கூடக் கருவிக்கு அப்பெயர்கள் பொருந்தும். ஆனால் நம் நீலப் பெட்டி எதையும் அளப்பதில்லை. அழுத்தத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. அளக்கும் தொழில் போய்விட்ட பின்னும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது. நாமும் அதையே மொழிபெயர்த்துவிட்டோம். சொல்லுக்கு நேர்மையாய் இருந்து பொருளைத் தவறவிட்ட மொழிபெயர்ப்புக்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் மின்னழுத்தமானியைப் படித்த மாணவன் கடையில் பிரீசெட்டைப் பார்த்து, இரண்டும் உறவு என்று உணராமல் போவதில் வியப்பில்லை. ஆதலால் இந்தப் பேச்சில் கடைத்தெருச் சொல்லையே கையாளுகிறோம்.

பெட்டிக்குள்ளே இருப்பது ஒரு தடைப்பாதை. கரியாலோ, 'செர்மெட்' எனப்படும் பீங்கானும் உலோகமும் கலந்த பூச்சாலோ அது அமைந்திருக்கும். இரு ஓரக் கால்களும் அப்பாதையின் இரு முனைகள். மூன்றாவது கால் பாதையின்மேல் ஊர்ந்து செல்லும் ஒரு சிறு உலோக நாக்கோடு இணைந்தது. திருகைத் திருப்பினால் நாக்கு நகரும். ஒரு முனையில் 5 வோல்ட்டும் மறுமுனையில் சுழியும் கொடுத்தால், நாக்கு நிற்கும் இடத்துக்கேற்ப, இடைப்பட்ட எந்த அழுத்தத்தையும் அதனிடமிருந்து பெறலாம். முகத்தில் 103 என்று பொறித்திருந்தால் பத்தின் பின்னே மூன்று சுழி, அதாவது 10,000 ஓம். 502 என்றால் 5,000 ஓம். வானொலிப் பெட்டியின் ஒலிக் குமிழும் இதே இனத்ததுதான். ஆயினும் அது நாள்தோறும் திருகப்படுவது. பிரீசெட்டோ ஒருமுறை சரிசெய்து விட்டுவிடுவதற்கென்றே ஏற்பட்டது. நீலப் பெட்டிகளுள் பெயர்பெற்ற 3296 என்ற வகைக்கு அதைச் செய்பவர்களே குறிக்கும் ஆயுள் இருநூறு முறை முன்னும் பின்னும் திருகுவதுதான். அமெரிக்காவில் மார்லன் பார்ன்ஸ் என்பவர் 1952இல் இத்தகைய பல சுற்றுத் திருகுள்ள சிறு பெட்டிக்கு வழிகண்டார். அவருடைய நிறுவனம் அதற்கு வைத்த வணிகப் பெயரான 'டிரிம்பாட்' இன்று உலகெங்கும் பொதுப்பெயர் போலவே வழங்குகிறது.

கணக்குப் போட்டு வேண்டிய தடையை வாங்கிச் செருகினால் போதாதா, திருகு எதற்கு என்று கேட்கலாம். கணக்கு எல்லா இடங்களிலும் கைகொடுப்பதில்லை. அந்தி சாய்ந்தால் தானே எரியும் விளக்கை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் விரும்பிச் செய்யும் பயிற்சி இது. ஒளி பட்டால் தடை குறையும் எல்.டி.ஆர். என்ற சிறு வில்லை ஒன்று. அதனோடு தொடராக ஒரு தடை. இரண்டும் சேருமிடத்தில் எழும் அழுத்தத்தை எல்.எம். 393 என்ற ஒப்பீட்டு ஐ.சி.யின் ஒரு காலுக்கும், பிரீசெட்டின் நாக்கை மறு காலுக்கும் கொடுக்கிறோம். எந்த அழுத்தம் மிகுதி என்று பார்த்து ஐ.சி. விளக்கை ஏற்றுகிறது அல்லது அணைக்கிறது. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு எல்.டி.ஆர்.கள்கூட ஒரே வெளிச்சத்தில் ஒரே தடையைக் காட்டுவதில்லை. தில்லியில் கோடை மாலையின் ஒளி வேறு. மழைக்காலத்து மும்பையின் பகலொளி வேறு. 'இருட்டு' என்பது எவ்வளவு இருட்டு என்பதை எந்த வாய்பாடும் சொல்லாது. சன்னலோரம் கருவியை வைத்து, விளக்கு எரிய வேண்டிய அந்த நேரத்தில் திருகை மெல்லத் திருப்பி, எரிந்ததும் நிறுத்திவிடுவதே முறை.

இரண்டு வரி எழுத்துத் திரையை முதன்முதலாக இணைப்பவர் யாவரும் இந்தத் திருகின் அருமையை அறிவர். வரிக்குப் பதினாறு எழுத்துக் காட்டும் அத்திரையின் மூன்றாம் கால் எழுத்தின் அழுத்தத்தை, அதாவது கருமையை, ஆள்வது. அங்கே வரும் மின்னழுத்தம் பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும். சற்று மிகுந்தால் திரை வெறுமையாய்க் கிடக்கும். சற்றுக் குறைந்தால் கட்டங்கள் இருண்டு எழுத்தை விழுங்கிவிடும். நிரலைப் பத்துமுறை திருத்தி எழுதி, கம்பிகளைப் பிடுங்கி மறுபடி செருகி, கடைசியில் திரை பழுது என்று கடைக்குக் கொண்டுபோனவர்கள் எத்தனையோ பேர். திருகை மட்டும் அவர்கள் தொடவில்லை!

பிரெட்போர்டில் செருகும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் ஐந்தைந்து துளைகள் உள்ளே ஒன்றாக இணைந்திருக்கும். மூன்று கால்களும் ஒரே ஐந்து துளைகளுக்குள் விழுந்தால் பிரீசெட் இருந்தும் இல்லாததுதான். ஒவ்வொரு காலும் தனி வரிசையில் விழ வேண்டும். கால்கள் ஒரே நேர்கோட்டில் அமைந்த வகையைக் கேட்டு வாங்கினால் இது எளிது. முக்கோணமாய்க் கால் விரிந்த மலிவு வகை சரியாக அமராது. திருகுவதற்குத் திருப்புளியை அழுத்தினால் எகிறி வெளியே வந்துவிடும்.

ஒரே சுற்று வகை, பல சுற்று வகை என இரண்டு உண்டு. ஒரே சுற்றில் முக்கால் வட்டத்துக்குள் 10,000 ஓமும் அடங்கிவிடுவதால், கை சிறிது நடுங்கினாலும் நூற்றுக்கணக்கான ஓம் தாண்டிவிடும். 3296 வகையிலோ ஏறக்குறைய இருபத்தைந்து சுற்றுகள்; ஒரு சுற்றுக்கு 400 ஓம் வீதம் நிதானமாக நகரும். அந்த நிதானமே புதியவர்களை ஏமாற்றுவதும் உண்டு. ஐந்து சுற்றுத் திருப்பியும் ஒன்றும் நடக்கவில்லை என்று கைவிட்டுவிடுவார்கள்; இன்னும் பத்துச் சுற்றுப் பொறுத்திருக்க வேண்டும். முனையை எட்டியபின் திருகு இறுகி நிற்காது. உள்ளே மெல்லிய 'கிளிக்' ஓசையோடு வழுக்கிக்கொண்டே சுற்றும். அது முறிவன்று, அமைப்பே அவ்வாறு.

இனி எரிந்து போகும் கதைக்கு வருவோம். இன்று பிள்ளைகள் வாங்கும் பொருள்களில் எல்.எம். 2596 என்ற ஐ.சி. பொருத்திய சிறு பலகை ஒன்று உண்டு. 12 வோல்ட்டைக் கொடுத்தால் 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் என்று வாங்குகிறார்கள். அது தரும், ஆனால் அதன்மேலுள்ள நீலத் திருகை நாம் அங்கே கொண்டுவந்து நிறுத்தினால்தான் தரும். கடையிலிருந்து வரும்போது திருகு எங்கே நிற்கிறது என்பதற்கு எவரும் பொறுப்பில்லை. 12 வோல்ட் உள்ளே செலுத்தினால் 11 வோல்ட்டும் வெளியே வரலாம். அதை அப்படியே 5 வோல்ட் பலகையில் செருகினால், மாதக்கணக்கில் சேமித்த கைச்செலவுக் காசு ஒரு நொடியில் புகையாகிவிடும். சுமை எதையும் இணைக்காமல் முதலில் மின்சாரம் கொடுத்து, வெளிவரும் முனையில் மல்டிமீட்டரை வைத்து, 5 வோல்ட் காட்டும்வரை திருகி, மின்சாரத்தை நிறுத்தி, அதன்பிறகே கருவியை இணைக்க வேண்டும். இந்த வரிசை மாறலாகாது. பெற்றோர் வேறொன்றும் செய்ய இயலாவிட்டாலும், 'மீட்டர் வைத்துப் பார்த்தாயா?' என்று கேட்பதை மட்டும் மறவாதிருக்கலாம்.

ஒளியுமிழும் எல்.இ.டி.யை மங்கச் செய்ய 10,000 ஓம் பிரீசெட்டை நேராகத் தொடரில் இணைப்பது மற்றொரு விபரீதம். திருகு முனைக்கு வந்ததும் தடை சுழியாகிறது, எல்.இ.டி. போகிறது. அதோடு முடிவதில்லை. அரை வாட் தாங்கும் பிரீசெட் என்றால், முழுப் பாதையிலும் பரவினால்தான் அந்த அரை வாட். கணக்கிட்டுப் பார்த்தால் 10,000 ஓம் பாதை எந்த இடத்திலும் 7 மில்லியாம்பியருக்கு மேல் தாங்கலாகாது. எல்.இ.டி.க்கு 20 மில்லியாம்பியர் போனால், நாக்கு நிற்கும் இடத்தருகே பாதை கருகும். எப்போதும் 220 அல்லது 330 ஓம் நிலைத்தடை ஒன்றைத் தொடரில் சேர்த்து, பிரீசெட்டை 1,000 ஓமாக வைத்துக்கொள்ளுதல் நலம்.

நாக்கிலிருந்து எடுக்கும் அழுத்தத்தை நம்பி மோட்டாரையோ விளக்கையோ ஓட்ட முற்படுவதும் பயன்தராது. 10,000 ஓம் பிரீசெட்டை நடுவில் நிறுத்தினால் 5 வோல்ட்டில் பாதி 2.5 வரும். அங்கே இன்னொரு 10,000 ஓம் சுமையை வைத்த மாத்திரத்தில் அது 2 வோல்ட்டாகத் தாழ்ந்துவிடும். பிரீசெட் சொல்லிக் கொடுக்கும், சுமக்காது. ஒப்பீட்டு ஐ.சி. போன்ற, மின்னோட்டத்தை ஏறக்குறைய எடுக்காத இடங்களே அதற்குரியவை. ஆர்டுயினோ யூனோ பலகையின் உள்வாங்கும் காலும் அத்தகையதே. அது 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பகுத்துப் படிக்கும். நிரலுக்குள் ஒரு எண்ணை மாற்றி மாற்றிச் சோதிக்க வேண்டியிருந்தால், ஒவ்வொரு முறையும் நிரலைத் திருத்தி ஏற்றுவதற்குப் பதிலாக, பிரீசெட்டைத் திருப்பியே எண்ணை மாற்றிப் பார்க்கலாம். நேரம் வெகுவாக மிஞ்சும்.

நாம் மிகவும் வற்புறுத்த விரும்புவது ஒன்று உண்டு: திருகுக்கு வேண்டிய அளவு மட்டும் இடம் கொடுங்கள். எல்.எம். 317 என்ற மின்னழுத்தச் சீராக்கியைப் பாருங்கள். 240 ஓம் தடையோடு 5,000 ஓம் பிரீசெட்டை இணைக்கும்படி பல வரைபடங்கள் சொல்லும். கை தவறினால், 12 வோல்ட் உள்ளே வரும்போது வெளியே 10 வோல்ட் வரைகூடப் போய்விடும். 5 வோல்ட்தான் வேண்டும் என்று தெரிந்திருக்கையில், 680 ஓம் நிலைத்தடையும் 100 ஓம் பிரீசெட்டும் தொடராக வையுங்கள். திருகை எந்த முனைக்குத் திருப்பினாலும் ஏறக்குறைய 4.8 முதல் 5.3 வோல்ட் வரைதான் நகரும். நாக்கையும் பயனற்றுக் கிடக்கும் ஓரக் காலையும் ஒரு கம்பியால் இணைத்துவிடுங்கள். தூசியாலோ தேய்வாலோ நாக்கு பாதையை விட்டு எழும்பினாலும் சுற்று அறுபடாது. 100 ஓம் முழுவதும் சேரும், அவ்வளவே. அந்த ஒரு கம்பி இல்லையேல், நாக்கு எழும்பிய கணமே உள்ளே வரும் அழுத்தம் ஏறக்குறைய முழுவதும் வெளியே பாயும்.

வானொலி அலைவரிசைச் சுற்றுகளில் கைவைப்போர் இரும்புத் திருப்புளியைத் தவிர்த்து நெகிழி முனையுள்ளதை உபயோகிக்க வேண்டும். அங்கே உலோகம் அருகில் வந்தாலே இசைவு மாறிவிடும். திருப்புளியை எடுத்ததும் பழைய நிலைக்குப் போய்விடும்.

சோதனை முடிந்து கருவி மனத்துக்கு இசைந்தபடி நடந்தால், பிரீசெட்டை அப்படியே விட்டுவிடுவதா, எடுத்துவிடுவதா? வீட்டுச் சுவரில் மாட்டி ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய பொருளானால் எடுத்துவிடுவதே மேல் என்பது நம் எண்ணம். மின்சாரத்தை நிறுத்தி, பிரீசெட்டைச் சுற்றிலிருந்து கழற்றி, திருகைத் தொடாமல், நாக்குக்கும் ஓரக்காலுக்கும் இடையே மீட்டரால் அளவிடுங்கள். 6,740 ஓம் என்று காட்டினால் கடையில் கிடைக்கும் 6,800 ஓம் நிலைத்தடையைப் பற்றவைத்துவிடலாம். எல்.டி.ஆர். விளக்கைப் போல, இடம் மாறினால் மறுபடி சரிசெய்ய நேரும் கருவியானால் பிரீசெட்டை விட்டுவைத்து, திருகின் தலைமீது ஒரு துளி நகப்பூச்சை வையுங்கள். அதிர்விலும் திருகு அசையாது, வேண்டும்போது திருப்புளியால் கீறி எடுத்துவிடலாம். பாதை வெளியே தெரியும் திறந்த வகையாயின், அத்துளி நாக்கின் பக்கம் வழியாதபடி ஓரத்தில் வைக்க வேண்டும்.