காரின் மூளை போய்விட்டது என்று சொன்னால்…

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், சமுதாயக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடந்த மழைக்குப் பிறகு நம் வளாகத்திலிருந்து மூன்று கார்களைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அதில் இரண்டுக்கு வந்த பதில் ஒன்றே: "ஈசிஎம் போயிடுச்சு சார், புதுசு போடணும்." ஒன்று ஏ பிளாக் சகோதரியின் கார், இன்னொன்று என்னுடையது. அவருக்கு 62,000 ரூபாய், எனக்கு 58,000 ரூபாய் என்று எஸ்டிமேட். அவர் கணவருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். கார் நின்ற நாள் முதல் ஆட்டோவுக்குக் கொடுத்தே அவர் ஓய்ந்துவிட்டார். இந்த இரண்டு கார்களிலும் என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் மெக்கானிக் அல்ல, பி.காம். படித்து, முப்பத்தைந்து வருடம் வங்கியில் லெட்ஜர் பார்த்தவன். அந்த அளவோடு கேளுங்கள்.

ஈசிஎம் என்பது ஒரு அலுமினியப் பெட்டி. உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு. எஞ்சினில் உள்ள சென்சர்கள் சொல்வதைக் கேட்டு, எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும், எப்போது பொறி வைக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை அதனுடையது. அதிகம் பழுதாகாத பொருள். ஆனால் காரணம் புரியாத கோளாறுக்கெல்லாம் பழி சுமப்பதும் அதுதான்.

வங்கியில் ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் யாரும் லெட்ஜரைத் தூக்கிப் போடுவதில்லை. முதலில் கூட்டலைப் பார்ப்போம், பிறகு வவுச்சர்களை. இங்கும் அப்படித்தான். பெட்டிக்கு வரவேண்டியது வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பெட்டியைச் சந்தேகப்பட வேண்டும்.

முதல் வரவு, கரண்ட். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்டும். ஸ்டார்ட் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே வெகுவாகச் சரிந்தால் ஈசிஎம் குழம்பிவிடும், கோளாறு பேட்டரியில். அடுத்து ஃப்யூஸ், மெயின் ரிலே. அடுத்தது எர்த். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஈசிஎம்மின் எர்த் ஒயர் பாடியில் ஒரு போல்ட்டில் முடியும். அங்கே துரு ஏறினால் போதும், கார் படுத்துவிடும். இக்னிஷன் ஆனில் இருக்கும்போது அந்த ஒயருக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் நடுவே மீட்டரை வைத்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் காட்டினால் உப்புத்தாள் வாங்கினால் போதும், ஈசிஎம் வேண்டாம்.

இப்போது ஏ பிளாக் கார். ஸ்கேனரில் ஒரே நேரத்தில் மூன்று சென்சர்களுக்குக் கோட் வந்தது. மூன்றும் ஒன்றாகவா கெடும், ஆகவே ஈசிஎம்தான் என்று சர்வீஸ் சென்டரில் முடிவு கட்டினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஈசிஎம் பல சென்சர்களுக்கு 5 வோல்ட் சப்ளையைப் பொதுவாகக் கொடுக்கிறது. நம் மாடித் தண்ணீர்க் குழாய் மாதிரி; ஒரு வீட்டில் குழாய் உடைந்தால் மற்ற வீடுகளிலும் பிரஷர் இருக்காது. என் வண்டியைப் பார்க்கும் தம்பி மீட்டரை வைத்துப் பார்த்தார். 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. சென்சர்களின் பிளக்கை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நான்காவதாக மேனிஃபோல்ட் பிரஷர் சென்சரைக் கழற்றியதும் மீட்டர் பளிச்சென்று 5-க்கு ஏறியது. அந்தச் சென்சர் உள்ளே ஷார்ட். புதுச் சென்சர் 2,800 ரூபாய். அன்று மாலையே கார் ஓடியது.

என் காரில் கதை வேறு. இக்னிஷன் போட்டதும் எரிய வேண்டிய செக் எஞ்சின் விளக்கு எரியவே இல்லை. ஸ்கேனர் ஏபிஎஸ்ஸோடு பேசியது, ஏர்பேக்கோடு பேசியது, எஞ்சினோடு மட்டும் பேசவில்லை. மற்ற மாட்யூல்கள் எல்லாம் U0100 என்று புகார் பதிந்து வைத்திருந்தன. எஞ்சின் கம்ப்யூட்டரின் தொடர்பு அறுந்தது என்று பொருள். பெட்டியின் கனெக்டர் வரைக்கும் கரண்ட் வருகிறது, எர்த் சரி, எல்லாச் சென்சர்களையும் கழற்றியும் 5 வோல்ட் வெளியே வரவில்லை. வரவு எல்லாம் சரி, பட்டுவாடா இல்லை. அப்போதுதான் பெட்டியைத் திறந்தோம். போர்டில் பச்சைப் பாசி மாதிரி அரிப்பு. என் கார் மாடலில் ஈசிஎம் முன் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. கண்ணாடித் தண்ணீர் வடியும் துளையில் புங்க இலை அடைத்து, தண்ணீர் அதன் மேலேயே சொட்டியிருக்கிறது. மேற்கு கேட் ஓரம் கார் நிறுத்துபவர்கள் பானெட்டைத் திறந்து அந்தத் துளையை ஒருமுறை பாருங்கள். அதைச் சுத்தம் செய்யாமல் எந்தப் பெட்டியைப் போட்டாலும் அடுத்த மழைக்கு அதே கதி.

பழைய பெட்டி வாங்க புதுப்பேட்டைக்குப் போனோம். லேபிளில் உள்ள நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்திருக்க வேண்டும். முதல் கடையில் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று ஒன்றை நீட்டினார்கள். கடைசி எழுத்து வேறு. அது ஆட்டோமேட்டிக் கியர் வண்டியுடையது. பிஎஸ்4, பிஎஸ்6 வித்தியாசமும் உண்டு. இரண்டாவது கடையில் சரியான நம்பர் கிடைத்தது. 11,500 ரூபாய். எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்று எழுதி பில் கொடுங்கள் என்று கேட்டேன். தம்பிக்குக் கொஞ்சம் சங்கடம். ஆனால் திருட்டு வண்டியின் பாகம் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் அது குற்றம். பில் இல்லாத கடையில் வாங்கவே கூடாது என்பது என் கட்சி. பில்லும் கொடுத்தார்கள், ஒரு வாரத்துக்குள் திருப்பலாம் என்றும் எழுதினார்கள்.

வாங்கி மாட்டினால் ஓடுமா? ஓடாது. இம்மொபிலைசர் உள்ள கார்களில் சாவிக்குள் ஒரு சிப் இருக்கிறது. அந்தச் சாவியை அடையாளம் காணும் ரகசியம் ஈசிஎம்மோடு பிணைந்தது. வேறு வண்டிப் பெட்டி நம் சாவியைத் தெரியாதவன் போலப் பார்க்கும். வழி மூன்று: பெட்டி, இம்மொபிலைசர், சாவி மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து செட்டாக வாங்குவது, கம்பெனிக் கருவியால் புதிதாகப் பொருத்துவது, இது எல்லா மாடலிலும் நடக்காது, அல்லது பழைய பெட்டியின் மெமரியை அப்படியே புதியதில் நகலெடுப்பது. என் பெட்டியில் ப்ராசஸர் செத்திருந்தாலும் மெமரி சிப் படிக்க முடிந்தது. ஈசிஎம் ரிப்பேர் செய்பவர் 4,500 ரூபாய்க்கு நகலெடுத்துக் கொடுத்தார். ஆகவே, பழைய பெட்டியைக் கடையில் கொடுத்துவிடாதீர்கள். செத்தாலும் அதற்குள் உங்கள் கணக்கு இருக்கிறது.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் மாட்டினார். ஐடிலிங் ஒரு நாள் ஏறி இறங்கியது; த்ராட்டிலைப் பெட்டி கற்றுக்கொண்டதும் நின்றது. கூலி 1,500 சேர்த்து மொத்தம் 17,500 ரூபாய்.

இன்சூரன்ஸ் பற்றி ஒருவர் கேட்டார். சாதாரண பாலிசியில் எலெக்ட்ரிக்கல் பழுதுக்குப் பணம் வராது. என் வழக்கு அப்படித்தான். வெள்ளத்தில் மூழ்கிய கார் வேறு. அதற்கு க்ளெய்ம் உண்டு. சாவியைத் திருகாமல், போட்டோ எடுத்து, கம்பெனிக்குத் தெரிவித்த பிறகுதான் யாரையும் தொடவிட வேண்டும். தண்ணீரில் ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால், எஞ்சின் புரொடெக்ட் சேர்க்காதவர்களுக்குப் பொதுவாக மறுத்துவிடுவார்கள். வாரண்டியில் உள்ள வண்டிக்கு நான் சொன்ன எதையும் செய்யாதீர்கள். நேரே கம்பெனிக்குப் போங்கள்.

ஒரு மல்டிமீட்டரும் சிறிய ஸ்கேனரும் வாங்கச் சங்கம் இசைந்திருக்கிறது. இரண்டும் அலுவலக மேசையின் இரண்டாவது டிராயரில் இருக்கும். ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு எடுத்துச் செல்லலாம். ஸ்கேனர் கோட் காட்டினால் உடனே அழிக்க வேண்டாம்; முதலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மெக்கானிக்குக் காட்ட வேண்டும்.