பின்சீட்டு வித்தை

டேண்டம் சைக்கிளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வாடகைக்கு விடுவார்களே, இரண்டு சீட்டும் இரண்டு ஜோடி பெடலும் வைத்த நீளச் சைக்கிள், அதேதான். ஆகவே அறிமுகம் வேண்டாம். நேராக என் ஆற்றாமைக்கு வருகிறேன்.

போன வாரம் ஒரு வீடியோ பார்த்தேன். முன்னால் இருப்பவர் வியர்க்க வியர்க்க மிதிக்கிறார். பின்னால் இருக்கிற பெண் கையை ஹேண்டில்பாரில்கூட வைக்காமல் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வருகிறாள். கால் சும்மா பெடலோடு சுற்றுகிறது. இப்போது இதுதான் மோஸ்தர். கல்யாணப் படம், தேன்நிலவுப் படம், எல்லாவற்றிலும் டேண்டம் ஒரு அலங்காரச் சாமான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினான்கு வருடமாகப் பின்சீட்டில் உட்கார்ந்து மிதிப்பவள் நான். ஒன்றைச் சொல்கிறேன், இந்தப் பேச்சு முடிவதற்குள் இன்னும் ஒரு முறையாவது சொல்வேன்: பின்னால் இருப்பவர் சுமை கிடையாது. பின்னால் இருப்பவர் பாதி இன்ஜின்.

மன்னார்குடிப் பக்கம் சின்ன வயதில் அப்பாவின் சைக்கிள் கேரியரில்தான் பள்ளிக்கூடம் போவேன். டபுள்ஸ் போனால் பிடிப்பார்கள் என்று, போலீஸ்காரர் தூரத்தில் தெரிந்ததுமே அப்பா என்னை இறக்கி நடக்க விடுவார். வளைவில் அவர் ஒரு பக்கம் சாய்ந்தால் நான் பயந்து மறுபக்கம் சாய்வேன். "மூட்டையாட்டம் சும்மா உக்காரு" என்பார். அரிசி மூட்டை இருந்த இடத்தில் நான், அவ்வளவுதான். இங்கிலாந்துக்கு வந்து, பெட்ஃபோர்டில் குடியேறி, கணவரோடு டேண்டமில் ஏறிய முதல் நாளும் நான் மூட்டையாகத்தான் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் வேலியில் போய் விழுந்தோம்.

இங்கே முன்னவரைக் கேப்டன் என்பார்கள், பின்னவரை ஸ்டோக்கர் என்பார்கள். ஸ்டோக்கர் என்றால் நீராவி ரயிலில் கரி அள்ளிப் போடுகிறவர். பெயரிலேயே உழைப்பு இருக்கிறது பாருங்கள்.

பெட்ஃபோர்டிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் பிகிள்ஸ்வேட் என்று ஒரு சிற்றூர். பக்கத்தில் ஐவல் ஆறு ஓடுகிறது. அந்த ஊர்க்காரர் டேன் ஆல்போன், ஏ. ஜே. வில்சன் என்கிற நண்பரோடு சேர்ந்து 1886-ல் ஐவல் டேண்டமை உருவாக்கினார். வில்சனுக்குக் காது கேட்காது. அதை மறைக்காமல், செவிடு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தலைகீழாகத் திருப்பி, 'ஃபெய்ட்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டு எழுதியவர். ஆல்போன் பிற்பாடு 1902-ல் பெட்ரோல் டிராக்டர் செய்தும் பேர் வாங்கினார். உழவர்களுக்கு அது பெரிசு, எனக்கு டேண்டம்தான் பெரிசு. அந்தக் காலத்து டேண்டம் சிலவற்றில் மரியாதை கருதிப் பெண்ணை முன்னால் உட்காரவைத்து, இரண்டு ஹேண்டிலையும் கம்பியால் இணைத்து, ஆண் பின்னாலிருந்தே திருப்புவாராம்.

எங்கள் டேண்டம் குழு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிகிள்ஸ்வேட்டிலிருந்தே புறப்படும். ஆறேழு டேண்டம். ப்ரூம், சவுத்ஹில், ஓல்ட் வார்டன், இக்வெல், நார்த்ஹில் என்று கிராமம் கிராமமாகச் சுற்றி, சாயங்காலம் திரும்புவோம்.

டேண்டம்காரர்களுக்குத் தனிக் குழு எதற்கு என்று கேட்பீர்கள். இந்த நாட்டில் டேண்டம் கிளப் என்ற சங்கமே 1971-ல் தொடங்கிவிட்டது. தனிக் குழுவுக்குக் காரணம் காற்று. சமதரையில் சைக்கிளுக்குப் பெரிய எதிரி காற்றுதான். இருவர் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தால் காற்றைக் கிழிக்கிற வேலையில் பெரும்பங்கு முன்னவரோடு முடிந்துவிடுகிறது. மிதிக்கிற காலோ நாலு. அதனால் சமதரையில் பறக்கும், இறக்கத்தில் அதைவிடப் பறக்கும். மேட்டில் அப்படியே தலைகீழ். இருவர் மிதியும் ஒரே கணத்தில் கூடிவர வேண்டும், கொஞ்சம் பிசகினால் வண்டி ஊரும். ஒற்றைச் சைக்கிள்காரர்களோடு போனால் இறக்கத்தில் நாம் அவர்களை விட்டுவிடுவோம், ஏற்றத்தில் அவர்கள் நம்மை விட்டுவிடுவார்கள். நாள் முழுக்க ஒருவருக்கொருவர் காத்துக்கிடப்பதே வேலையாகிவிடும். டேண்டமோடு டேண்டம் போனால்தான் தாளம் சேரும்.

புறப்படும் முறை ஒன்று இருக்கிறது. இதில் நான் கண்டிப்பு. கேப்டன் சட்டத்தின் இரு பக்கமும் காலை அகட்டி ஊன்றி, இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்து நிற்க வேண்டும், தூண் மாதிரி. ஸ்டோக்கர் ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் பெடலில் வைத்து, கேப்டனுக்கு வேண்டிய இடத்துக்குப் பெடலைச் சுற்றிக்கொண்டு வந்து நிறுத்த வேண்டும். "சரியா?" "சரி." அப்புறம்தான் பிரேக்கை விடுவது. கேப்டன் தானும் சீட்டில் ஏறுகிற அந்த ஒரு நொடி, வண்டியை நகர்த்துகிறவர் யார்? பின்னால் இருப்பவர். சிவப்பு விளக்கில் நின்றாலும் ஸ்டோக்கர் காலை இறக்கக் கூடாது. இருவரும் ஆளுக்கொரு காலால் தரையைத் தள்ளித் தள்ளிப் புறப்படுகிற ஜோடியைக் கண்டால் எனக்குத் தாங்காது.

இனி நான் சொல்ல வந்த ஆள். எங்கள் குழுவில் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மையார். பார்வை இல்லாதவர். அவர் மாதிரி ஸ்டோக்கரை நான் கண்டதில்லை.

டேண்டமின் இடப்பக்கத்தில் ஒரு செயின் முன்பெடலையும் பின்பெடலையும் இணைக்கிறது. ஒருவர் நிறுத்தினால் மற்றவர் காலும் நின்றுவிடும். கியர் மாற்றும்போது இருவரும் அரைச் சுற்று மிதியைத் தளர்த்த வேண்டும். முரட்டுத்தனமாக மிதித்தால் பின்சக்கரத்தை ஓட்டும் செயின் கடகடவென்று அலறும், நழுவும், அறுந்தும் போகும். அதனால் கேப்டன் "கியர்" என்று குரல் கொடுப்பார். பள்ளம் வந்தால் "பள்ளம்" என்பார். அந்த அம்மையாரின் வண்டியில் பள்ளத்துக்கு மட்டும்தான் குரல் கேட்கும். கியருக்குக் குரலே கிடையாது. கேப்டனின் மிதி ஒரு இழை தளர்ந்தால் போதும், அவர் காலும் தளரும். சத்தமே வராமல் செயின் அடுத்த பல்சக்கரத்தில் போய் உட்காரும். ஒரு நாள் முழுக்க அவர்கள் பின்னாலேயே போய்க் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடக் கடகட இல்லை.

அது பார்வை இல்லாததால் வந்த அதிசயம் என்று சிலர் சொல்வார்கள். இல்லை நேயர்களே. நாற்பது வருடச் சாதகம். பார்வை நன்றாக இருக்கிற நமக்கும் அது வரும், காலைக் கவனித்தால்.

மே மாதம் ஒருநாள் அவருடைய கேப்டனுக்கு உடம்பு சரியில்லை. என் கணவரும் ஊரில் இல்லை. அம்மையார் என்னைக் கூப்பிட்டு, முன்னால் ஏறு என்றுவிட்டார். எனக்குக் கை நடுக்கம். சவுத்ஹில் தாண்டினால் கடுகு மாதிரியே மஞ்சளாகப் பூக்கிற ரேப் வயல்கள். அதைச் சொன்னேன். "வாசனை வந்துவிட்டது, சாலையைச் சொல்" என்றார். ஓல்ட் வார்டனில் கூரை வேய்ந்த வீடுகளுக்கு நடுவே சாலை வளைந்து வளைந்து போகும். வளைவு வருவதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் உடம்பு என்னோடு சரியான அளவுக்குச் சாய்ந்திருக்கும். மேட்டில் எனக்கு மூச்சு வாங்கிய நேரம், பின்னாலிருந்து யாரோ முதுகில் கை கொடுத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. எல்லாம் அந்தக் கால்கள். பின்னால் இருப்பவர் பாதி இன்ஜின் என்றேனே, அன்றைக்குப் பாதிக்கும் மேல்.

பாராலிம்பிக்கில் இந்த நியாயம் இருக்கிறது. பார்வைக் குறையுள்ளவர்களின் சைக்கிள் பந்தயம் டேண்டமில்தான் நடக்கும். போட்டியாளர் பின்னால் இருப்பவர், முன்னால் இருப்பவர் பைலட். 2012-ல் லண்டனில் நீல் ஃபாச்சி பின்னாலும் பார்னி ஸ்டோரி முன்னாலும் அமர்ந்து ஒரு கிலோமீட்டர் பந்தயத்தில் தங்கம் வாங்கினார்கள். மற்றபடி ஒலிம்பிக்கில் 1972-க்குப் பிறகு டேண்டம் பந்தயமே இல்லை. எனக்கு அது இன்றும் வருத்தம்தான்.

இருவரும் தனித்தனியாக மிதிக்கவோ நிறுத்தவோ ஏற்ற வண்டிகளும் இப்போது வந்திருக்கின்றன. வசதி என்கிறார்கள். எனக்கு வேண்டாம். அடுத்தவர் கால் என்ன செய்கிறது என்று தெரியாவிட்டால், தனித்தனிச் சைக்கிளிலேயே போய்விடலாமே?

அம்மையாரோடு போன அன்றைக்கு இக்வெல் புல்வெளியில் இறங்கினோம். அங்கே வருடம் முழுக்க மேபோல் கம்பம் நிற்கும், மே தினத்தில் அதைச் சுற்றி ஆடுவார்கள். அதன் பக்கத்தில் உட்கார்ந்து தேநீரும் கேக்கும். எப்படி ஓட்டினேன் என்று கேட்டேன். அம்மையார் கோப்பையைக் கீழே வைத்தார். "பள்ளம் எல்லாம் சரியாகச் சொன்னாய். ஆனால் கியர் மாற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறாய். அது எனக்குப் பெடலில் தெரிகிறது" என்றார்.

திரும்பும்போது நார்த்ஹில் வரை மூச்சை விட்டு விட்டுத்தான் கியர் மாற்றினேன். அதற்கப்புறம் அவருக்கு "கியர்" என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.