சட்டம் கதவைத் திறக்கும்... வேட்டியை யார் கட்டுவது?

நடுவர் அவர்களே! மணலி பக்கத்துல மாத்தூர்லேருந்து வந்திருக்கேன். உடை வெறும் வசதிக்குத்தான், அடையாளத்துக்கு இல்லைன்னாரு எதிரணி நண்பர். அப்படியா?

ஸ்காட்லாந்துல ஆம்பளைங்க கட்டுறது கில்ட். கட்டம் போட்ட துணி, முழங்கால் வரைக்கும். நம்ம லுங்கிக்கு ஒண்ணுவிட்ட தம்பி! (சிரிப்பு) 1746-ல் லண்டன் பார்லிமெண்ட் அதுக்குத் தடை போட்டுச்சு. மலைநாட்டுக்காரன் கட்டினா ஆறு மாசம் ஜெயில். மறுபடி கட்டினா ஏழு வருஷம் நாடுகடத்தல். 1782-ல் தடை போச்சு. இன்னிக்கு அங்கே கல்யாண மாப்பிள்ளைக்கே அதுதான் உடுப்பு. கோல்ஃப் ஆட வர்ற வெளியூர்க்காரனும் ஆசைக்குக் கட்டிக்கிட்டு மட்டையைச் சுழற்றுறான்!

நம்ம கதை? 2014 ஜூலையில் சேப்பாக்கம் கிரிக்கெட் கிளப்புக்கு நீதிபதி அரிபரந்தாமன் வேட்டியில போனாரு. உள்ளே விடல. தடுத்தது வெள்ளைக்காரனா? அவன் போய் 67 வருஷம் ஆச்சே! அடுத்த மாசமே சட்டசபையில சட்டம் வந்துச்சு: வேட்டியைத் தடுத்தா ஒரு வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். அங்கே கட்டினவனுக்கு ஜெயில். இங்கே தடுத்தவனுக்கு ஜெயில்! (கைதட்டல்)

ஆனா, "ஸ்கூலுக்கு வேட்டியில வராதேப்பா"ன்னு பெத்த பிள்ளையே சொல்லுதே, அதுக்கு எந்தச் சட்டம்? உடை வெறும் வசதின்னா, அந்தப் பிள்ளை எதுக்கய்யா வெட்கப்படுது? எதிரணி பதில் சொல்லட்டும்.