மரம் வைத்திருக்கும் கணக்கு



மலேசியாவில் கமுந்திங் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் என் அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு முடிந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குள் இறங்கினால், அந்த வெளிச்சம் விழும் இடம்தான் அவருக்கு உலகம். ஒரு சாண் பட்டை, ஓர் உளி, பால் பிடிக்க ஒரு மங்கு. சிதறும் மனத்தைக் கட்டிவைக்க இன்றைக்குக் கைபேசியிலேயே செயலி வந்துவிட்டது. நம் வீட்டுப் பெரியவர்களின் கையில் இருந்த கவனத்தை மட்டும் ஒரு கலை என்று நாம் இன்னும் மதிக்கவில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இன்று பேசுகிறேன்.

ரப்பர் மரத்தில் பால் ஓடும் நுண்குழாய்கள் பட்டையின் உட்புறத்தில்தான் நெருக்கமாக இருக்கும். அதற்கும் உள்ளே, மரத்தையும் பட்டையையும் வளர்க்கும் மெல்லிய படலம். உளி அந்தப் படலத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிட வேண்டும். மேலோட்டமாகச் சீவினால் பால் இறங்காது. ஆழம் போனால் மரத்தில் காயம். சீவி எடுக்கும் தோலின் கனமும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சரியும். பால் குழாய்கள் அதற்கு எதிராக லேசாகச் சாய்ந்து ஏறுவதால், இப்படி வெட்டினால் கூடுதலான குழாய்கள் திறக்கும். நேரமும் முக்கியம். இரவில் இலைகள் நீரை அதிகம் இழப்பதில்லை, அதனால் விடியலில் குழாய்களுக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏறப் பால் வரத்து குறைந்துவிடும்.

பக்கத்தூரான கோலகங்சாருக்கு 1877இல் ரப்பர் கன்றுகள் வந்தன. பழைய வெட்டையே மெல்லச் சீவித் திறக்கும் முறையை 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி வகுத்தார். அதை அரையிருட்டில், நாளுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில், கைத்தவறாமல் செய்தவர்களின் பெயரை நூல்களில் காண்பது அரிது.

அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன், அந்த ஒரு மில்லிமீட்டரை எப்படிப் பார்ப்பீர்கள் என்று. "பாக்கறது எங்கடா, சத்தம் மாறும்" என்றார். உளி இழுபடும் ஒலி, விரலுக்கு வரும் இறுக்கம், நேற்றைய வெட்டில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் பிரியும் விதம். ஒவ்வொரு மரத்திடமும் புதிதாகக் கேட்டு, புதிதாகப் பதில் வாங்கியிருக்கிறார். எனக்குப் படுவது இதுதான்: பதில் சொல்லும் ஒன்றின் முன்னால்தான் கவனம் வளர்கிறது. திரையில் தவறாகத் தொட்டால் பின்னுக்கு வந்துவிடலாம். பட்டையில் அது நடக்காது.

அந்த வாழ்க்கை இனிப்பானது என்று சொல்ல வரவில்லை. கொசு, அட்டை, குறைந்த கூலி. மழை பெய்தால் வேலை இல்லை. மழை எத்தனை மணிக்கு வரும் என்று பந்தயம் கட்டிய தைப்பிங் வட்டாரம் இது. அம்மா தன் பிள்ளைகள் உளி தொடக்கூடாது என்றுதான் பாடுபட்டார். அந்த உழைப்பை விட்டு வந்தது சரி. அதிலிருந்த பார்வையையும் அங்கேயே போட்டுவிட்டு வந்தோமே, அதுதான் எனக்கு வலிக்கிறது.

எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால், இப்போது யாரும் வெட்டாத பழைய பால்மரங்கள் சில இன்னும் நிற்கின்றன. போன மாதம் அம்மா என் மகனை அங்கே கூட்டிப் போனார். பட்டையையும், பழைய காயங்கள் அதில் புடைத்த முடிச்சுகளையும் தடவிக்கொண்டே வந்தார்.

"இங்க பாரு, வழவழன்னு இருக்கு. நிதானமா வெட்டியிருக்காங்க. இந்த எடத்துல மனசு எங்கியோ போயிருக்கு, காயம் போட்டுட்டாங்க. யாரு என்ன கவலையில இருந்தாங்களோ."

மகன் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, அந்த முடிச்சின்மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். பிறகு அடுத்த மரத்துக்குப் போய், "பாட்டி, இதுல?" என்றான்.