காய்க்குள்ளே ஒரு ரிலே



ரிலே, சர்க்யூட் என்று படித்தவன் வாழைக்காயைப் பற்றிப் பேச வந்தால் சிரிப்பீங்க. ஆனா காய்க்குள்ளேயும் ரிலேதான்! எத்திலீன் என்ற ஹார்மோன் வாயு இல்லாதவரை, ஈ.டி.ஆர். வகைப் புரதங்கள் 'பழுக்காதே' என்று தடை போட்டுக்கொண்டே இருக்கும். வாயு வந்து ஒட்டியதும் அந்தத் தடை ஆஃப். உடனே ஈ.ஐ.என்.3 வகைப் புரதம் மரபணுக்களை முடுக்கிவிடும். பூ வாடுவதிலும் இலை மஞ்சளாவதிலும் இதற்குப் பங்குண்டு. 1993-இல் கடுகுக் குடும்பத்துச் சிறு செடி ஒன்றில் ஈ.டி.ஆர்.1 மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள்.

மண்டியில் வைக்கும் கார்பைடு கல்லிலிருந்து வருவது எத்திலீன் இல்லை. அதைப்போல நடிக்கும் அசிட்டிலீன். கூடவே ஆர்சனிக், பாஸ்பரஸ் கசடு வேறு. சட்டம் தடுத்தும் ஓயவில்லை. எத்திலீன் அறைக்கு 100 பி.பி.எம். வரை அனுமதி உண்டு. பத்துத் தார் விற்கும் கடைக்காரருக்குக் கட்டுப்படியாகிற சின்ன அறைக்கு வரைபடம் போட்டிருக்கேன். மெக்கானிக்கல்காரங்க டீ நேரத்துல வந்து பாருங்க.